கார் சுற்றும் அந்த ஒரு புள்ளி

காரோட்டும் தேர்வில் நான் முதல்முறை தோற்றது ஒரு நிறுத்தக் கட்டத்தில்தான். சாலையில் ஒரு பிழையும் செய்யவில்லை. மேட்டில் நிறுத்திக் கிளப்புவதும் சரியாக வந்தது. காரைப் பின்னோக்கிச் செலுத்தி ஒரு கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அங்கேதான் எல்லாம் கெட்டது.

என் பயிற்றுநர் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார். “பின்கதவு முக்கோணக் கண்ணாடியோட மூலையில கம்பம் தெரியுதாம்மா? அங்கேயே நிறுத்திடுங்க. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுசாத் திருப்பி, மெதுவாப் பின்னால வாங்க. கார் தானா உள்ளே போயிடும்.” பயிற்சியின்போது ஒவ்வொரு முறையும் கார் தானாக உள்ளே போனது. தேர்வு நாளில் கிடைத்ததும் அதே வகைக் கார்தான். ஆனால் இருக்கையைச் சற்று முன்னால் நகர்த்தி உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியின் மூலையில் கம்பம் தெரிந்தது. நிறுத்தினேன், திருப்பினேன், பின்னால் வந்தேன். பின்சக்கரம் நாம் ‘கெர்ப்’ என்று சொல்லும் சாலையோர விளிம்பை நோக்கிப் போனது.

பதறிப்போய்க் காரை முன்னால் எடுத்தேன். மீண்டும் பின்னால் வந்தேன். அதே இடம். மறுபடியும் முன்னால், மறுபடியும் பின்னால். கார் கோடு பிடித்தாற்போல் அதே விளிம்புக்கே வந்து நின்றது. மூன்றாவது முறை சக்கரம் விளிம்பின் மேல் ஏறியது. சிங்கப்பூரில் அப்படி ஏறினால் அந்த நொடியே தோல்வி.

வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து, ஒரு நோட்டின் பின்பக்கத்தில் வட்டங்கள் வரைந்து பார்த்தேன். வகுப்பில் வட்டமும் முக்கோணமும் தெரிந்த ஒருத்தி, காருக்குள் ஏறியதும் அவற்றை மறந்துவிட்டு ஒரு கம்பத்தை நம்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்களில் பெரும்பாலோருக்குக் கார் உரிமம் எடுக்கும் 18 வயது ஆக இன்னும் சில ஆண்டுகள் இருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கு உங்களுக்கு இன்றே தேவைப்படும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சக்கரம் பக்கவாட்டில் உருளாது

சக்கரம் முன்னால் உருளும், பின்னால் உருளும். பக்கவாட்டில் உருளாது, இழுத்தால் தேய்த்துக்கொண்டுதான் வரும். காரின் நான்கு சக்கரங்களும் தேயாமல் ஒரு வளைவில் உருள வேண்டுமானால், நான்கும் ஒரே மையத்தைச் சுற்றிய வட்டங்களில் போக வேண்டும்.

அந்த மையம் எங்கே இருக்கிறது? கணிதப் பாடத்தில் ஒரு விதி படித்திருப்பீர்கள்: வட்டத்தின் தொடுகோடும் அது தொடும் இடத்துக்கு வரும் ஆரமும் செங்குத்தாக இருக்கும். சக்கரம் பார்க்கும் திசைதான் தொடுகோடு. ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் செங்குத்தாக ஒரு கோடு போட்டால், எல்லாக் கோடுகளும் மையத்தில் சந்திக்க வேண்டும்.

காரின் பின்சக்கரங்கள் திரும்புவதில்லை. அவற்றுக்குச் செங்குத்தான கோடு எப்போதும் பின் அச்சின் நீட்சியாகவே இருக்கும். ஆக, ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும், கார் சுற்றும் மையம் பின் அச்சை நீட்டிய கோட்டின்மேல்தான் இருக்கும். ஸ்டீயரிங்கை அதிகமாகத் திருப்பினால் மையம் அந்தக் கோட்டில் காருக்கு அருகே வரும்; குறைத்தால் விலகிப் போகும்; சக்கரங்களை நேராக வைத்தால் மையமே இல்லை, கார் நேராகப் போகும்.

கார் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பது இதில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் திரும்பியிருந்தால் மையம் இடப்பக்கம்தான். முன்னால் போனாலும் அதே வட்டம், பின்னால் போனாலும் அதே வட்டம். “பின்னால் போகும்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது?” என்று புதிதாக ஓட்டுபவர்கள் குழம்புவார்கள். காரின் பின்பகுதி எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் திருப்புவதே விடை.

பித்தாகரஸ் போடும் கணக்கு

நடுத்தர அளவுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால், வெளிப்பக்க முன்சக்கரம் 5.2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையில் ஓடும் பல கார்களின் அளவு இதை ஒட்டியதுதான்.

மையம், வெளிப்பக்கப் பின்சக்கரம், வெளிப்பக்க முன்சக்கரம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம். கர்ணம் 5.2, ஒரு பக்கம் 2.6. மற்றப் பக்கம் என்ன?

5.2 × 5.2 = 27.04
2.6 × 2.6 = 6.76
27.04 − 6.76 = 20.28, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.5

வெளிப்பக்கப் பின்சக்கரம் மையத்திலிருந்து 4.5 மீட்டரில் இருக்கிறது. உள்பக்கப் பின்சக்கரம் 1.5 மீட்டர் உள்ளே, அதாவது 3 மீட்டரில் இருக்கிறது. பின் அச்சின் நடுப்புள்ளி 3.75 மீட்டரில். உள்பக்க முன்சக்கரத்துக்கும் அதே தேற்றத்தைப் போடுங்கள்: 3 × 3 = 9; அதோடு 6.76 சேர்த்தால் 15.76, வர்க்கமூலம் ஏறக்குறைய 3.97.

இப்போது உள்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்சக்கரம் 3.97 மீட்டர் வட்டத்தில் போகிறது, பின்சக்கரம் 3 மீட்டர் வட்டத்தில் போகிறது. ஒரே காரின் ஒரே பக்கத்துச் சக்கரங்கள்தான். ஆனாலும் பின்சக்கரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு போகிறது.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்ப முடியாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. நம் காரில் வெளிப்பக்கச் சக்கரம் 30 பாகை திரும்பினால், உள்பக்கச் சக்கரம் 41 பாகை திரும்பியாக வேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதற்கு வழி கண்டவர் மியூனிக் நகரில் வண்டி செய்துவந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். அவருடைய முகவர் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதனால் அந்த அமைப்புக்கு இன்றுவரை ஆக்கர்மனின் பெயர்தான். கண்டுபிடித்தவர் பெயர் பின்னால் போய்விட்டது!

முன்னால் நுழைந்தால் என்ன?

சிங்கப்பூரில் ஒரு நிறுத்தக் கட்டத்தின் குறைந்தபட்ச அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். கார் 1.8 மீட்டர் அகலம் என்றால், நடுவில் நிறுத்தும்போது இரு பக்கமும் 30 சென்டிமீட்டர்தான் மிஞ்சும்.

முன்பக்கமாக வளைந்து உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? காரின் மூக்கு சரியான இடத்தில் நுழைந்துவிடும். ஆனால் பின்சக்கரம் ஒரு மீட்டர் வரை உள்ளே வெட்டுமே! இருக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர். பக்கத்துக் காரின்மேல் உரசாமல் இருக்க, வளையும் முன்பே வெகுதூரம் விலகிப் போக வேண்டும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் குறுகிய பாதையில் அதற்கு இடமிருக்காது.

பின்பக்கமாக நுழையும்போது நிலைமை தலைகீழ். திரும்பாத பின்சக்கரங்கள் முதலில் கட்டத்தின் வாய்க்குள் போகின்றன. அகலமாகச் சுற்றும் முன்பகுதி கடைசிவரை வெளியே, திறந்த பாதையில் இருக்கிறது. வட்டம் மாறவில்லை, வட்டத்தின் அகலமான பகுதிக்குத் தேவையான இடம் பாதையில் கிடைத்துவிடுகிறது. சரக்குக் கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் திரும்பும் சக்கரங்களைப் பின்னால் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். ரிவர்ஸ் கியர் போட்டதும் நம் காரும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஆகிவிடுகிறது.

மையத்தை எங்கே வைப்பது?

கட்டம் உங்கள் இடப்பக்கம் இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டிப் போய் நிற்கிறீர்கள். எவ்வளவு தாண்ட வேண்டும்?

முழுதாகத் திருப்பினால் பின் அச்சின் நடுப்புள்ளி 3.75 மீட்டர் வட்டத்தில் போகும் என்று பார்த்தோம். கால் வட்டம் சுற்றி முடித்ததும் அது கட்டத்தின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். அப்படியானால் மையம் அந்த நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தொடங்கும்போது மையம் பின்சக்கரத்துக்கு நேர் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே பின்சக்கரமும் நடுக்கோட்டை 3.75 மீட்டர் தாண்டி நிற்க வேண்டும்.

ஒன்றரைக் கட்டத்தின் அகலம் 3.6 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து ஒன்றரைக் கட்டம் என்றால் அடுத்த கட்டத்தின் தொலைவான வெள்ளைக்கோடு. அதை 15 சென்டிமீட்டர் தாண்டிப் பின்சக்கரம் நின்றால், நம் காருக்கு அதுதான் இடம். கட்டங்களின் வாயிலிருந்து காரின் பக்கவாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடைவெளியும் வேண்டும். மிகவும் ஒட்டி நின்றால் பக்கத்துக் காரின் மூலை இடிக்கும்.

கம்பம் எங்கே தெரிகிறது என்ற கேள்வி இந்தக் கணக்கில் வரவில்லை. பின்சக்கரம் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான். வேறு கார் என்றால் அளவு மாறும், முறை மாறாது. புதிய கார்களின் திரையில், ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப வளையும் மஞ்சள் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரத்தின் கோணத்தை அளந்து, இதே வட்டத்தைத்தான் கணினி அங்கே வரைகிறது.

நான் செய்த பிழைகள்

முதல் பிழை, கம்பத்தை நம்பியது. கண், கண்ணாடியின் மூலை, கம்பம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் ‘கம்பம் மூலையில் தெரிகிறது’. கண்ணிலிருந்து கண்ணாடி மூலைக்கு 1.2 மீட்டர், அங்கிருந்து கம்பத்துக்கு 2.4 மீட்டர் என்று கொள்வோம். இருக்கையை 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால், வடிவொத்த முக்கோணங்களின்படி, பார்வைக்கோடு கம்பத்தருகே 20 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். ஓரத்தில் இருப்பதே 30 சென்டிமீட்டர் என்னும்போது 20 சென்டிமீட்டர் பெரிய பிழை. பயிற்றுநர் சொன்னது பொய்யில்லை. அவருடைய சூத்திரம் என் பழைய இருக்கைக்கு எழுதப்பட்டது.

இரண்டாவது பிழைதான் என்னைத் தோற்கடித்தது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிவைத்தபடியே முன்னும் பின்னும் போனேன். மெதுவாக உருளும்போது காரின் பாதையை முடிவு செய்வது சக்கரங்களின் கோணம் மட்டுமே. கோணம் மாறாவிட்டால் மையம் மாறாது. மையம் மாறாவிட்டால் வட்டம் மாறாது. காணொளியைப் பின்னோக்கி ஓட்டுவதுபோல், கார் போன வழியிலேயே திரும்பி வரும். நூறு முறை போய்வந்தாலும் அதே விளிம்புதான்.

என்ன செய்திருக்க வேண்டும்? சக்கரங்களை நேராக்கிக்கொண்டு முன்னால் போயிருக்க வேண்டும். நேராக ஒரு மீட்டர் போனால், காரோடு சேர்ந்து மையமும் அதே திசையில் ஒரு மீட்டர் நகரும். பிறகு மீண்டும் முழுதாகத் திருப்பிப் பின்னால் வந்தால் அது புதிய வட்டம். விளிம்பில் ஏறாமல் தப்பியிருப்பேன்.

வேகத்தைக் குறைப்பதிலும் இயற்பியல் இருக்கிறது. வேகம் கூடினால் டயர்கள் சற்றே பக்கவாட்டில் நழுவத் தொடங்கும், கணக்கு பிசகும். நடப்பதைவிட மெதுவாக உருளும் காரில் பித்தாகரஸ் சொன்னது நடக்கும். யோசிக்கவும் நேரம் கிடைக்கும். இரண்டாவது தேர்வில் நான் அவ்வளவு மெதுவாகத்தான் போனேன். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் கோடுகள் சமமாகத் தெரிய, கார் உள்ளே நின்றது.

ஓட்டாதவர்களுக்கு இது ஏன் தேவை?

கார் ஓட்டாவிட்டாலும் நீங்கள் சாலைச் சந்திப்பில் நிற்கிறீர்கள், சைக்கிள் ஓட்டுகிறீர்கள், கார் நிறுத்துமிடத்தின் வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறீர்கள். மூன்று இடங்களிலும் இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றும்.

ஒன்று: பேருந்தும் லாரியும் திரும்பும் மூலை. அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர் உள்ள ஒரு பேருந்தின் உள்பக்க முன்சக்கரம் 9 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று கொள்வோம். 81-இலிருந்து 36-ஐக் கழித்தால் 45. வர்க்கமூலம் ஏறக்குறைய 6.7. பின்சக்கரம் 2.3 மீட்டர் வரை உள்ளே வெட்டும்! முன்சக்கரம் உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்பதற்காகப் பேருந்தும் தாண்டிவிட்டதாக நினைக்காதீர்கள். நடைபாதையின் விளிம்பில் நிற்காமல் சில அடி பின்னால் நில்லுங்கள். சைக்கிளில் இருந்தால், திரும்பப்போகும் பெரிய வாகனத்துக்கும் சாலை விளிம்புக்கும் இடையே ஒருபோதும் நுழையாதீர்கள். நீங்கள் இருக்கும் அந்த இடத்தைத்தான் பின்சக்கரம் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு: பின்னோக்கி வரும் கார். அபாயம் பின்னால் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் காரின் வெளிப்பக்க முன்மூலை மையத்திலிருந்து ஏறக்குறைய 5.8 மீட்டரில் சுற்றுகிறது. பின்பகுதி கட்டத்துக்குள் நுழையும்போது மூக்கு பாதையின் குறுக்கே வீசிக்கொண்டு வரும். ஓட்டுநரின் கண்ணோ அப்போது பின்னால் இருக்கும். அந்தக் காரின் முன்புறமாகக் கடப்பதும் பாதுகாப்பில்லை. கார் நிற்கும்வரை காத்திருங்கள்.

மூன்று: காரின் பின்புறம் வெள்ளை விளக்கு எரிந்தால் ரிவர்ஸ் கியர் போட்டாகிவிட்டது என்று பொருள். சிவப்பு நிற்பதற்கு, வெள்ளை வருவதற்கு. தம்பி தங்கைகளோடு நடக்கும்போது இதை அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். குனிந்து பந்தை எடுக்கும் சிறுபிள்ளை, ஓட்டுநரின் பின்கண்ணாடியில் தெரியும் உயரத்துக்குக் கீழே இருக்கலாம்.

செய்து பாருங்கள்

1. மழை நின்றபின், வாகனங்கள் வராத திறந்த இடத்தில், தேங்கிய நீரின் வழியாகச் சைக்கிளைக் கையால் தள்ளி வளையுங்கள். ஈரத் தடங்கள் இரண்டாகப் பிரியும். எந்தத் தடம் உள்ளே இருக்கிறது? இடைவெளியை அளந்து பாருங்கள்.

2. ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற அளவில், 8.8 செ.மீ. நீளமும் 3.6 செ.மீ. அகலமும் உள்ள கார் ஒன்றை அட்டையில் வெட்டுங்கள். பின் விளிம்பிலிருந்து 1.8 செ.மீ.யில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்; அதுதான் பின் அச்சு. அந்தக் கோட்டின்மேல் ஒரு நீளமான அட்டைப் பட்டையை ஒட்டி, காரின் நடுவிலிருந்து 7.5 செ.மீ. தள்ளிப் பட்டையில் ஒரு குண்டூசி குத்துங்கள். தாளில் 4.8 செ.மீ. அகலமும் 9.6 செ.மீ. நீளமும் உள்ள கட்டங்களை வரிசையாக வரைந்து, ஊசியைச் சுற்றிக் காரை நகர்த்துங்கள். ஊசியை எங்கே குத்தினால் கார் கோட்டைத் தொடாமல் உள்ளே வருகிறது என்று கண்டுபிடியுங்கள். முதல்முறையே சரியாக வராவிட்டால் கவலை வேண்டாம். காரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்காமல், ஊசியை நகர்த்துங்கள்.